உடலின் ஞாபகம்: சுண்டெலியில் ஞாபக பி கலங்கள் உருவாகும் விதம்

ஒரு நோயினால் ஒரு முறை பீடிக்கப்பட்டுப் பிழைத்தவர் அதே நோய்க்கு மறுமுறையும் ஆளாவது அரிது என்பதை மனிதன் மிகப் பழங்காலந்தொட்டே அறிந்திருந்தான். கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரைச் சூறையாடிய கொள்ளைநோயை விவரித்த கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், நோயிலிருந்து மீண்டவர்களே நோயுற்றோரை அச்சமின்றிப் பராமரித்தனர் என்றும், அவர்களை அந்நோய் மீண்டும் உயிராபத்து விளைவிக்கும் அளவுக்குத் தாக்கவில்லை என்றும் பதிவு செய்துள்ளார்.

இந்த அவதானத்திற்கு ஒரு காரணம் கூற முயன்றவர்களுள் முன்னோடியாக விளங்குபவர் ரய் நகரில் பிறந்த மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி ஆவார். ஏறத்தாழ ஹிஜ்ரி 251 முதல் 313 வரை (கி.பி. 865 - 925) வாழ்ந்ததாகக் கொள்ளப்படும் அவர், பெரியம்மையையும் சின்னமுத்தையும் இரு வேறு நோய்களாகப் பிரித்தறிந்து 'கிதாபுல் ஜதரீ வல்ஹஸ்பா' எனும் நூலை யாத்தார். பிழிந்தெடுத்த திராட்சைச் சாறு நொதித்துக் கொதித்துப் பின்னர் அடங்குவதைப் போன்று, குழந்தைப் பருவத்தின் ஈரமிக்க குருதியும் கொதித்து அடங்குகிறது. பெரியம்மை என்பது அக்கொதிப்பே என அவர் விளக்கினார். கொதித்து அடங்கிய சாறு மீண்டும் கொதிப்பதில்லை. ஆகவே அந்நோய் பெரும்பாலும் இளமையில் வந்து செல்வதற்கும், முதியோரை அரிதாகவே அணுகுவதற்கும் இக்கருத்து ஒரு விளக்கமாயிற்று.

இந்த விளக்கத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. எனினும், நோய் வந்து சென்ற பின்னர் உடலினுள் ஏதோ ஒன்று நிரந்தரமாக மாறிவிடுகிறது என்ற எண்ணம் அதனுள் அடங்கியிருப்பதை நாம் காண்கிறோம். 1846ஆம் ஆண்டு பரோ தீவுகளில் சின்னமுத்து பரவியபோது அங்கு அனுப்பப்பட்ட டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், அம்மாற்றம் எத்துணை நீடித்தது என்பதை எடுத்துக்காட்டினார். தீவுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் வரை நோயுற்றனர். ஆனால் 1781ஆம் ஆண்டின் தொற்றில் நோயுற்று, அப்போதும் உயிருடனிருந்த முதியோரில் ஒருவரையேனும் அது தீண்டவில்லை. இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அத்தீவுகளில் சின்னமுத்து இருக்கவில்லை. எனவே, அவர்களது உடல் ஒரே ஒரு சந்திப்பை அறுபத்தைந்து ஆண்டுகள் ஞாபகத்தில் வைத்திருந்தது எனலாம்.

அந்த ஞாபகம் உடலில் எங்கே இருக்கிறது? அது எவ்வாறு உருவாகிறது? இவ்வினாக்களுக்குக் கடந்த அறுபது ஆண்டுகளில் கிடைத்த விடைகளின் பெரும்பகுதி, ஆய்வுகூடக் கூண்டுகளில் வளரும் ஒரு சிறிய பிராணியிடமிருந்து பெறப்பட்டதாகும். அப்பிராணி சுண்டெலி. அதன் நிர்ப்பீடனத் தொகுதியில் ஞாபக பி கலங்கள் தோன்றும் முறையை விளக்குவதும், அவ்வறிவு தடுப்பூசி பற்றிய எமது நிலைப்பாடுகளுக்கு எவ்வகையில் பொருந்துகின்றது என்பதை நோக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுண்டெலி தெரிவு செய்யப்பட்டது ஏன்?

சுண்டெலியின் கருப்பகாலம் மூன்று வாரங்கள். ஆயுள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள். தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளையே இனங்கூட வைப்பதன் மூலம், பரம்பரையலகுகளில் ஏறத்தாழ முற்றிலும் ஒத்த சுண்டெலிக் குலங்களை உருவாக்க முடிந்துள்ளது. 1921ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் லிட்டில் எனும் அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கிய 'சி57 பிளாக்' எனும் கறுப்புக் குலம் இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. ஒரு சுண்டெலியிலிருந்து எடுத்த கலங்களை அதே குலத்தைச் சேர்ந்த மற்றொன்றுக்கு மாற்றினாலும் அதன் உடல் அவற்றை அந்நியமாகக் கருதி நிராகரிப்பதில்லை. ஒரு பரம்பரையலகை நீக்கியோ மாற்றியோ அதன் விளைவை முழு உயிரியிலும் அவதானிக்க இயலும். மனிதரில் செய்ய முடியாத, செய்யவும் கூடாத பரிசோதனைகள் இவ்வாறு சாத்தியமாயின.

பி கலம்: பெயரும் பிறப்பும்

நிர்ப்பீடனத்தில் ஈடுபடும் வெண்குருதிக் கலங்களில் நிணநீர்க்கலங்கள் எனும் வகையினுள் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. 1956இல் புரூஸ் கிளிக் என்பவர், கோழியின் கழிவறைக்கு அருகிலுள்ள பேர்சா எனும் சிறு பையை அகற்றிவிட்டால் அக்கோழியால் பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்ய முடிவதில்லை என்பதைக் கண்டார். அப்பையின் பெயரது முதலெழுத்தே பி கலத்தின் பெயராயிற்று. 1961இல் ஜாக் மில்லர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை அகற்றி மற்றொரு பிரிவின் இன்றியமையாமையை நிறுவினார். அப்பிரிவு டி கலம் எனப் பெயர் பெற்றது. சுண்டெலிக்கும் மனிதனுக்கும் பேர்சா கிடையாது. இவ்வுயிரிகளில் பி கலங்கள் கரு நிலையில் ஈரலிலும், பிறந்த பின்னர் என்புமச்சையிலும் உருவாகின்றன.

ஒவ்வொரு பி கலமும் தன் மேற்பரப்பில் ஒரே வகையான வாங்கியைத் தாங்கியிருக்கும். ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் போன்று, அது குறிப்பிட்ட வடிவமுடைய அந்நியப் பொருளை, அதாவது உடலெதிரியாக்கியை, மாத்திரம் பற்றிக்கொள்ளும். உலகிலுள்ள எண்ணற்ற நுண்ணங்கிகளுக்கெல்லாம் ஏற்ற வாங்கிகளை இருபதாயிரத்துச் சொச்சம் பரம்பரையலகுகளைக் கொண்டு உடல் எவ்வாறு ஆக்குகிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது. 1976இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் பணியாற்றிய சுசுமு டொனகாவா, சுண்டெலிக் கருவின் டிஎன்ஏயையும் பிறபொருளெதிரியைச் சுரக்கும் சுண்டெலிப் புற்றுக்கலத்தின் டிஎன்ஏயையும் ஒப்பிட்டு அப்புதிரை அவிழ்த்தார். கருவில் தொலைவாகக் கிடந்த துண்டுகள், முதிர்ந்த கலத்தில் அருகருகே கொண்டுவந்து ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு பி கலமும் தன் துண்டுகளைத் தன்பாட்டில் கலைத்து அடுக்கித் தனக்கென ஒரு வாங்கியை அமைத்துக்கொள்கிறது. இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1987இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் பொருள் மிக ஆழமானது. நோய்க்கிருமி உடலினுள் புகுந்த பின்னர் அதற்கேற்ற வாங்கி வார்க்கப்படுவதில்லை. கிருமியை ஒருபோதும் காணாத நிலையிலேயே எண்ணிறந்த வாங்கிகள் ஆயத்தமாக உள்ளன. கிருமி தனக்குப் பொருந்தியதைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. அவுஸ்திரேலிய அறிஞர் மக்பார்லேன் பேர்னெட் 1957இல் முன்வைத்த இக்கருத்தே இன்றைய நிர்ப்பீடனவியலின் அடித்தளமாகும்.

முதற் சந்திப்பும் மூன்று பாதைகளும்

ஓர் உடலெதிரியாக்கியைச் சுண்டெலியின் தோலின் கீழ் செலுத்தினால் அது அண்மையிலுள்ள நிணநீர் முடிச்சைச் சென்றடைகிறது. அங்கு அதற்குப் பொருந்திய வாங்கியைக் கொண்ட மிகச் சில பி கலங்கள் அதனைப் பற்றி உள்ளிழுத்து, துண்டுகளாக்கித் தம் மேற்பரப்பில் காட்சிக்கு வைக்கின்றன. அத்துண்டை இனங்காணும் டி கலம் உதவிச் சமிக்ஞையை வழங்கினால் மாத்திரமே பி கலம் தொடர்ந்து முன்னேறும். என்புமச்சையிலிருந்து வரும் கலங்களே பிறபொருளெதிரியை ஆக்குகின்றன, தைமஸ் வழிவந்த கலங்கள் அதற்கு உதவுகின்றன என்பதை 1968இல் மில்லரும் மிட்செலும் சுண்டெலிகளில் நிறுவினர். பெரும்பாலான புரத உடலெதிரியாக்கிகளுக்கு இந்த இரட்டை அனுமதி அவசியமாகும்.

அனுமதி பெற்ற பி கலத்தின் முன் மூன்று பாதைகள் உள்ளன. சில கலங்கள் உடனடியாகச் சுரப்புக் கலங்களாகி, சில நாட்கள் பிறபொருளெதிரியைச் சொரிந்து மடிகின்றன. இது அவசர காலப் பாதுகாப்பு. வேறு சில கலங்கள் விரைவிலேயே ஓய்வு நிலைக்குத் திரும்பி முதலாவது ஞாபகக் கலங்களாகின்றன. எஞ்சியவை கருமையம் எனும் பயிற்சிக்களத்தினுள் புகுகின்றன.

இரண்டாவது பாதை நெடுங்காலம் கவனிக்கப்படாதிருந்தது. ஞாபகக் கலங்கள் யாவும் கருமையத்திலிருந்தே வருகின்றன எனப் பொதுவாகக் கருதப்பட்டது. கருமையம் உருவாவதற்கு இன்றியமையாத பிசிஎல்6 எனும் புரதம் தம்மிடம் இல்லாத பி கலங்களும் ஞாபகக் கலங்களாக மாறுவதை 2002இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலியில் காட்டினர். அவற்றின் வாங்கிகளில் விகாரங்கள் எவையும் காணப்படவில்லை. 2012இல் வெளிவந்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. ஆகவே, முதற் சந்திப்பு நிகழ்ந்த சில நாட்களிலேயே உடல் தன் ஞாபகத்தை எழுதத் தொடங்கிவிடுகிறது.

கருமையம் எனும் பயிற்சிக்களம்

கருமையத்தை முதன்முதலில் விவரித்தவர் ஜெர்மனிய அறிஞர் வால்ட்டர் பிளெமிங் ஆவார். 1880களில் நிணநீர் முடிச்சுகளை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கிய அவர், கலங்கள் மும்முரமாகப் பிரியும் வட்டமான பகுதிகளைக் கண்டு, உடலின் நிணநீர்க்கலங்கள் அங்குதான் முளைக்கின்றன எனக் கருதினார். அங்கு நிகழ்வது அதனினும் வியப்புக்குரியது என்பது ஒரு நூற்றாண்டின் பின்னரே தெளிவாயிற்று.

தடுப்பேற்றப்பட்ட சுண்டெலியில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருமையங்கள் தோன்றி, இரண்டாம் வாரமளவில் உச்சநிலையை அடைந்து, பின்னர் சில வாரங்களில் மெல்ல மறைகின்றன. ஒவ்வொன்றிலும் இரு வலயங்கள் உள்ளன. இருள் வலயத்தில் பி கலங்கள் மிக வேகமாகப் பிரிகின்றன. அவ்வேளையில் ஏஐடி எனும் நொதியம் வாங்கிக்குரிய பரம்பரையலகில் வேண்டுமென்றே எழுத்துப் பிழைகளைப் புகுத்துகிறது. ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 1,000 எழுத்துகளுக்கு ஒன்று மாறுகிறது. உடலின் ஏனைய பகுதிகளில் நிகழும் இயல்பான விகாரத்துடன் ஒப்பிடுகையில் இது சுமார் பத்து இலட்சம் மடங்காகும். இந்நொதியத்தை 1999இல் தசுகு ஹொஞ்ஜோவின் ஆய்வுக் குழுவினர் சுண்டெலியின் பி கலங்களில் கண்டுபிடித்தனர். அது நீக்கப்பட்ட சுண்டெலிகளில் வாங்கி திருத்தமடைவதுமில்லை. பிறபொருளெதிரி ஐஜிஎம் எனும் ஆரம்ப வகையிலிருந்து ஐஜிஜி போன்ற வகைகளுக்கு மாறுவதுமில்லை என்பது 2000ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவ்வாண்டிலேயே, பிறவியிலேயே இதே குறைபாடுடைய மனிதர்களும் அடையாளங் காணப்பட்டனர். தன் டிஎன்ஏயைத் தானே சிதைத்துத் திருத்தும் இந்த ஏற்பாடு ஆபத்தற்றதன்று. மனிதரில் தோன்றும் பி கலப் புற்றுநோய்களில் பல கருமையத்தைக் கடந்துவந்த கலங்களிலிருந்தே உருவாகின்றன.

எழுத்து மாற்றங்களிற் பெரும்பாலானவை பயனற்றவை அல்லது தீயவை. ஒரு சில மாத்திரம் வாங்கியின் பற்றுதலைக் கூட்டுகின்றன. எது நல்லது என்பதை ஒளி வலயம் தீர்மானிக்கிறது. அங்கு விசேட கலங்கள் உடலெதிரியாக்கியைத் தம் நீண்ட கிளைகளில் ஏந்தி நிற்கின்றன. பி கலம் அதனைப் பறித்தெடுத்து டி கலத்திடம் காட்ட வேண்டும். இறுகப் பற்றும் வாங்கியுடையது அதிகமாகப் பறிக்கிறது, அதிகமாகக் காட்டுகிறது, ஆகவே அதிக உதவியைப் பெறுகிறது. உதவி பெற்றது மீண்டும் இருள் வலயம் சென்று பெருகும். பெறாதது மடியும். சுண்டெலியின் கருமையத்தில் 6 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை பி கலங்களில் பாதி வரை மடிவதாக 2017இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

இவ்வுண்மைகளை நிறுவிய சோதனைகளுள் இரண்டினை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். முதலாவது, ஜெர்மனியின் கொலோன் நகரில் கிளவுஸ் ரயேவ்ஸ்கியின் குழுவினர் 1991இல் வெளியிட்டதாகும். என்பி எனச் சுருக்கமாக வழங்கப்படும் ஒரு சிறிய இரசாயன மூலக்கூறைக் கோழிப் புரதமொன்றுடன் இணைத்துச் சி57 பிளாக் குலச் சுண்டெலிகளுக்குச் செலுத்தினர். பின்னர் மண்ணீரலின் மெல்லிய வெட்டுகளிலிருந்து தனித்தனிக் கருமையங்களைச் சுரண்டியெடுத்து, அவற்றிலிருந்த பி கலங்களின் வாங்கிப் பரம்பரையலகை எழுத்தெழுத்தாக வாசித்தனர். ஒரே மூதாதைக் கலத்தின் சந்ததிகள் படிப்படியாக வேறுபட்டுச் செல்வது ஒரு வம்சாவளி அட்டவணை போன்று புலப்பட்டது. விகாரம் கருமையத்தினுள்ளேயே நிகழ்கிறது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. என்பிக்கு எதிரான இத்தூண்டற்பேற்றில் வாங்கியின் 33ஆம் இடத்திலுள்ள டிரிப்டோபன் எனும் அமினோ அமிலம் லியூசினாக மாறும் ஒரே மாற்றம், பற்றுதலைப் பத்து மடங்களவு உயர்த்துகிறது.

இரண்டாவது, 2010இல் நியூயோர்க்கில் கெப்ரியல் விக்டோராவும் மிஷெல் நுசென்ஸ்வைக்கும் செய்த சோதனை. ஒளிக்கற்றை பட்டால் மாத்திரம் ஒளிரத் தொடங்கும் புரதத்தைக் கொண்ட சுண்டெலிகளை அவர்கள் பயன்படுத்தினர். ஒரு வலயத்திலுள்ள கலங்களை மட்டும் ஒளிரச் செய்து, அவை எங்கு செல்கின்றன என்று பின்தொடர்ந்தனர். இரு வலயங்களுக்கிடையே கலங்கள் சென்று வருவதும், அப்பயணத்தை நிர்ணயிப்பது டி கலத்தின் உதவியே என்பதும் அதன் மூலம் வெளிப்பட்டன.

ஞாபகத்திற்குத் தெரிவாகுபவை எவை?

கருமையத்திலிருந்து வெளியேறும் பி கலங்கள் இரு வகையின. ஒன்று நீடித்து வாழும் சுரப்புக் கலம். அது என்புமச்சையில் குடியேறி, மாதக்கணக்கில் அல்லது ஆண்டுக்கணக்கில் இடைவிடாது பிறபொருளெதிரியைச் சுரந்துகொண்டிருக்கும். மற்றையது ஞாபக பி கலம். அது எதனையும் சுரப்பதில்லை. ஓய்வாகச் சுற்றித் திரிந்து, அதே பகைவன் மீண்டும் வரும்போது விழித்தெழும்.

பற்றுதலில் மிகச் சிறந்த கலங்களே ஞாபகத்திற்குத் தெரிவாகும் என்று எவரும் எதிர்பார்ப்பர். சுண்டெலியில் நடப்பது பெரும்பாலும் அதற்கு மாறானது. மிக இறுகப் பற்றி, டி கலத்தின் உதவியை நிறையப் பெற்றவை சுரப்புக் கலங்களாகும் பாதையை நாடுகின்றன. ஓரளவு உதவியை மாத்திரம் பெற்றவை பாக்2 எனும் கட்டுப்பாட்டுப் புரதத்தை மிகுதியாகத் தக்கவைத்துக்கொண்டு ஞாபகக் கலங்களாகின்றன. 2016இல் டொமொஹிரோ குரோசாகியின் குழுவினர் இதனை வெளியிட்டனர். சுரப்புக் கலமாக மாறுவதை இப்புரதம் தடுத்து, கலத்தை ஓய்வுக்கு இட்டுச் செல்கிறது.

காலமும் இதில் பங்கு வகிக்கிறது. அதே 2016இல் மார்க் ஷ்லோம்சிக்கின் குழுவினர், பிரியும் கலங்களின் டிஎன்ஏயில் மட்டும் புகும் ஓர் அடையாளப் பொருளை வெவ்வேறு நாட்களில் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, எந்நாளில் பிறந்த கலம் எவ்வகையினதாயிற்று எனக் கணக்கிட்டனர். முதலில் ஐஜிஎம் வகை ஞாபகக் கலங்களும், அடுத்து ஐஜிஜி போன்ற வகை மாறிய ஞாபகக் கலங்களும், இறுதியாகவே நீடித்து வாழும் சுரப்புக் கலங்களும் தோன்றின. கருமையம் முதிர முதிர அதன் விளைபொருள் மாறுகிறது. ஆகவே ஞாபகக் கலங்களிற் பெருந்தொகையானவை, பயிற்சி முழுமையடையும் முன்னரே வெளியேறியவையாகும்.

குறைந்த உதவியே ஞாபகத்திற்கான கட்டளையா, அல்லது உதவி போதாத கலங்கள் மடியாது தப்பியதன் விளைவா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

குறை போலத் தோன்றும் நிறை

பயிற்சியில் முதன்மை பெற்றவற்றை வெளியேற்றிவிட்டு இடைத்தரமானவற்றை உடல் ஏன் சேமிக்கிறது? இவ்வினாவிற்கான விடையிலேயே இவ்விடயத்தின் முழுமையான பெறுமதி தங்கியுள்ளது.

மிகச் சிறந்த வாங்கி என்பது இன்றைய பகைவனின் வடிவத்திற்கு மிக நுட்பமாக இழைக்கப்பட்டது. அப்பகைவன் நாளை சற்று உருமாறி வந்தால் அந்த நுட்பமே இடையூறாகலாம். முழுமையாக இழைக்கப்படாத வாங்கிக்கு மாறுபட்ட வடிவங்களையும் பற்றும் வாய்ப்பு உண்டு. இது வெறும் ஊகமன்று. மேற்கு நைல் வைரஸைக் கொண்டு சுண்டெலிகளில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில், சுரப்புக் கலங்களின் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் மூல வைரஸின் ஒரு பகுதியையே குறிவைத்தன. விகாரமடைந்த வைரஸ் வடிவத்தை அவை சரிவரப் பற்றவில்லை. ஆனால் அதே சுண்டெலிகளின் ஞாபக பி கலங்களிடையே மூல வடிவத்தையும் மாறிய வடிவத்தையும் இனங்காணும் கலங்கள் இருந்தன.

ஆகவே உடல் இரு மதில்களை எழுப்பியுள்ளது. முதலாவது மதில் ஏற்கெனவே குருதியில் நிறைந்துள்ள பிறபொருளெதிரி; அறிந்த பகைவனை அது வாயிலிலேயே தடுத்துவிடும். அதனைத் தாண்டி வருபவன் பெரும்பாலும் உருமாறியவனாகவே இருப்பான். அவனை எதிர்கொள்ள இரண்டாவது மதிலாகப் பல்வகைப்பட்ட ஞாபகக் கலங்கள் காத்திருக்கின்றன.

நிலைத்தலும் விழித்தெழுதலும்

ஞாபகம் நிலைப்பதற்கு உடலெதிரியாக்கி உடலில் எங்கேனும் எஞ்சியிருந்து இடையிடையே தூண்ட வேண்டுமா? பரோ தீவு முதியோரைப் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் இவ்வினா எழும். 2000ஆம் ஆண்டில் ரயேவ்ஸ்கியின் குழுவினர் இதற்கு நுட்பமான சோதனையொன்றை வடிவமைத்தனர். சுண்டெலியில் ஞாபகக் கலங்கள் உருவான பின்னர், பரம்பரையலகு மாற்றமொன்றின் மூலம் அவற்றின் வாங்கியை வேறொரு வாங்கியாக மாற்றினர். அக்கலங்களால் இனித் தம்மைத் தோற்றுவித்த உடலெதிரியாக்கியை இனங்காண இயலாது. ஆயினும் அவை மாற்றப்படாத ஞாபகக் கலங்களைப் போன்றே நீடித்து வாழ்ந்தன. பகைவன் முற்றாக நீங்கிய பின்னரும் அவனைப் பற்றிய ஞாபகம் தானாகவே நிலைபெறுகிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

பகைவன் மீண்டும் வரும்போது ஞாபகக் கலங்கள் யாவும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. சிடி80, பிடிஎல்2 எனும் இரு மேற்பரப்புப் புரதங்களையும் தாங்கியவை விரைந்து சுரப்புக் கலங்களாகின்றன. இரண்டும் அற்றவை மீண்டும் கருமையம் புகக்கூடிய ஆற்றலை வைத்திருக்கின்றன. ஷ்லோம்சிக்கின் குழுவினர் 2014இல் இதனைச் சுண்டெலிகளில் எடுத்துக்காட்டினர். எனினும், இரண்டாவது தடுப்பேற்றத்தின் பின் சுண்டெலியில் தோன்றும் கருமையங்களை 2020இல் விக்டோராவின் குழுவினர் ஆராய்ந்தபோது, அங்கிருந்த பி கலங்களில் மிகப் பெரும்பாலானவை முன்னனுபவமற்ற புதிய கலங்களே எனக் கண்டனர். பழைய ஞாபகக் கலங்கள் உடனடிப் போராட்டத்தைப் பொறுப்பேற்க, கருமையம் பெரும்பாலும் புதியவர்களுக்கு விடப்படுகிறது. அடுத்தடுத்த தடுப்பேற்றங்களால் ஞாபகத்தை மேலும் மேலும் கூர்மையாக்கலாம் எனக் கருதும் தடுப்பூசி வடிவமைப்பாளர்களுக்கு இது சிந்தனையைத் தூண்டும் முடிவாகும்.

சுண்டெலியிலிருந்து மனிதனுக்கு

சுண்டெலி மனிதனல்ல. ஆய்வுகூடச் சுண்டெலி தூய கூண்டில், நோய்த்தொற்றுகளை அறியாது வளர்கிறது. நாமோ பிறந்தது முதல் நூற்றுக்கணக்கான தொற்றுகளைக் கடந்து வருகிறோம். மனிதரின் ஞாபக பி கலங்களை இனங்காணப் பயன்படும் சிடி27 எனும் அடையாளம் சுண்டெலியில் பயன்படுவதில்லை. சின்னமுத்து வைரஸ் சாதாரண சுண்டெலியை எளிதில் தொற்றுவதுமில்லை. ஆகவே சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிக் கூறுவது பிழையாகும்.

எனினும் அடிப்படைகள் ஒத்துள்ளன என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாக் கொள்ளைநோய்க் காலத்தில் வாழ்ந்து, 91 முதல் 101 வயது வரையிலிருந்த 32 பேரின் குருதி பரிசோதிக்கப்பட்டு 2008இல் முடிவுகள் வெளியாயின. ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வைரஸை இனங்காணும் பி கலங்கள் அவர்களிடம் இருந்தன. அக்கலங்களிலிருந்து பெறப்பட்ட பிறபொருளெதிரிகள், அவ்வைரஸினால் தொற்றப்பட்ட சுண்டெலிகளைக் காப்பாற்றின.

இவ்வறிவு எமது நடைமுறை வாழ்வுடன் இரு வகையில் தொடர்புறுகிறது. முதலாவதாக, குருதியில் பிறபொருளெதிரியின் அளவு குறைந்துவிட்டால் பாதுகாப்பும் நீங்கிவிட்டது என்பதல்ல. ஈரலழற்சி பி தடுப்பூசி பெற்றோர் பலரில் ஆண்டுகள் செல்ல, பிறபொருளெதிரி அளவிட முடியாத அளவுக்குக் குறைகிறது. ஆயினும் அவர்கள் பெரும்பாலும் பாதுகாக்கப்படுகின்றனர். அந்நோயின் அடைகாலம் வாரக்கணக்கில் நீள்வதால், ஞாபகக் கலங்கள் விழித்தெழுவதற்குத் தேவையான சில நாட்கள் கிடைத்துவிடுகின்றன. மாறாக, ஓரிரு நாட்களில் முற்றிவிடும் மூளைமென்சவ்வழற்சி போன்ற நோய்களில் ஞாபகம் மாத்திரம் போதாது. பிறபொருளெதிரி முன்கூட்டியே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். எந்தத் தடுப்பூசிக்கு ஊக்கி ஊசி தேவை, எதற்குத் தேவையில்லை என்ற வேறுபாட்டின் ஒரு முக்கிய காரணம் இதுவாகும்.

இரண்டாவது விடயம் பெற்றோரின் கவனத்திற்குரியது. சின்னமுத்து வந்து சென்றால் பிள்ளையின் உடல் வலுப்பெறும், ஆகவே தடுப்பூசி தேவையில்லை என்ற எண்ணம் பல சமூகங்களில் நிலவுகிறது. சின்னமுத்து வைரஸ் உடலினுள் நுழையப் பயன்படுத்தும் வாங்கி ஞாபக நிணநீர்க்கலங்களில் மிகுதியாக உள்ளது. ஆகவே அது அக்கலங்களையே தொற்றி அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாத 77 சிறுவர்களை நோய்க்கு முன்னும் பின்னும் பரிசோதித்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏனைய கிருமிகளுக்கு எதிராக அவர்கள் முன்னர் பெற்றிருந்த பிறபொருளெதிரி வகைகளில் 11 முதல் 73 வீதம் வரை அழிந்திருந்தமை தெரியவந்தது. தடுப்பூசி பெற்ற சிறுவர்களில் அத்தகைய இழப்பு காணப்படவில்லை. சின்னமுத்து தன்னைப் பற்றிய ஞாபகத்தை விட்டுச் செல்கிறது என்பது உண்மை. ஆனால் பிள்ளை அதுவரை ஈட்டிவைத்த ஏனைய ஞாபகங்களில் ஒரு பெரும் பகுதியை அது பறித்துச் செல்கிறது. அவற்றை மீண்டும் ஈட்டுவதற்கு, அப்பிள்ளை அந்நோய்களை மறுபடியும் சந்திக்க வேண்டியிருக்கும்.

அர்ராஸி சின்னமுத்தையும் பெரியம்மையையும் பிரித்தறிந்து எழுதி ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பெரியம்மை தடுப்பூசியினால் முற்றாக ஒழிக்கப்பட்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. சின்னமுத்தோ, அதற்கெதிரான தடுப்பூசி 1963 முதல் எம்மிடம் இருந்தும், இன்றும் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருக்கிறது. உடல் எவ்வாறு ஞாபகம் கொள்கிறது என்பதைச் சுண்டெலியின் துணைகொண்டு நாம் பெருமளவு கற்றுவிட்டோம். அவ்வறிவை உரிய வயதில், உரிய தவணையில் எமது பிள்ளைகளுக்குப் பயன்படச் செய்வது எம் ஒவ்வொருவரின் பொறுப்பாகும்.